கிறவல் வழியே, தண்ணீருக்கு எதிரே

எங்கள் ஊரில் கிறவல் என்றால் மண். செம்மஞ்சள் நிறம், குறுணிக் கல்லும் களியும் கலந்த சேர்க்கை, உழவு மெசின் பெட்டியில் வந்து வாசலில் இறங்கும். பள்ளக் காணியை நிரப்பவும், முற்றத்தை உயர்த்தவும், மாரி அரித்த ஒழுங்கையை மூடவும், வயலுக்குப் போகும் பாதையைக் கட்டவும் கிறவல்தான் வேண்டும். “கொங்கிறீட் இல்லாவிட்டாலும் கிறவலாவது போட்டுத் தாருங்கள்” என்று மனு எழுதியே பழகியவர்கள் நாங்கள். அந்தச் சொல்லுக்கு வெளியுலகில் இன்னொரு வாழ்வு இருப்பதை, என் மருமகன் கத்தாரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த சைக்கிளைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

பந்தயச் சைக்கிளின் உடம்பு. ஆட்டுக்கடா கொம்பு போல் வளைந்த ஹேண்டில். டயர் மட்டும் 40 மில்லிமீற்றர் அகலம், அதன் மேலே சின்னச் சின்ன முடிச்சுகள். “இதுக்குப் பேர் கிறவல் பைக், மாமா” என்றான். தார் போடாத பாதைகளுக்கென்றே செய்த சைக்கிளாம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006 முதல் 200 மைல் கிறவல் ஓட்டம் நடக்கிறது. 2022இல் இத்தாலியில் முதலாவது உலகக் கிறவல் சம்பியன் போட்டி நடந்தது. ஐஸ்லாந்தில் 2019 முதல் ஹெக்லா எரிமலைப் பக்கத்துக் கருநிலத்தில் 200 கிலோமீற்றர் மிதிக்கிறார்கள். அந்த ஓட்டத்தின் படங்களைத் தொலைபேசியில் காட்டினான். புல்லுமில்லாத, மரமுமில்லாத, எரிந்து உறைந்த நிலம். நடுவே ஒரு கோடாகப் பாதை, அதில் எறும்பு போல ஆட்கள்.

“நம்மட நாட்டில எரிமலை இரிக்கா மாமா?”

இருபது வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். “எரிமலை இல்லை. ஆனா சுடுதண்ணி இரிக்கி. நம்மட மாவட்டத்துலயே இரிக்கி.”

அப்படித்தான் இந்தப் பயணம் முடிவானது. கல்முனைக் கடற்கரையிலிருந்து மஹாஓயா வெந்நீர் ஊற்று வரை. முடிந்த இடமெல்லாம் வாய்க்கால் கட்டும் கிறவல் பாதையும், வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் தார். அவனுக்கு அவனுடைய புதுச் சைக்கிள், எனக்குப் பன்னிரண்டு வருடப் பழைய லுமாலா. போக இரண்டு நாள், வர ஒரு நாள்.

ஜூலை முதல் கிழமை புறப்பட்டோம். அது கச்சான் காலம். தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மத்திய மலைக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். இறங்க இறங்கச் சூடேறும். காலை ஒன்பது மணிக்கு மேல் மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்கினால் பின்னேரம்தான் ஓயும். மேற்கே போகிறவனுக்கு அது நெஞ்சுக்கு நேரே வரும். ஆகவே சுபஹுத் தொழுதவுடன் கிளம்பிவிடுவது என்று தீர்மானித்தோம்.

கடற்கரைப் பள்ளிவாசலின் முன்னால் சக்கரத்தை மணலில் வைத்தோம். நாகூர் ஆண்டகை என்ற இறைநேசரின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் இடம் அது. கடலுக்கு அப்பாலுள்ள நாகப்பட்டினக் கரையையும் எங்கள் கரையையும் அந்தக் கொடி சேர்த்துக் கட்டுகிறது. தோணிகள் வந்துகொண்டிருந்தன. மருமகன் படமெடுத்தான். நான் கடலைப் பார்க்காமல் மேற்கே பார்த்தேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, சுனாமி வந்தபோது நாங்கள் ஓடிய திசை அதுதான். இலங்கையில் அன்று அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். தப்பியவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலை நோக்கி ஓடியவர்கள். சேற்றில் முழங்கால் புதைய வரம்பில் நின்றுகொண்டு, ஊர் இருந்த பக்கம் புகையும் தூசும் எழுவதைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வழியில் எத்தனையோ தடவை போயிருந்தாலும், நின்று நிதானித்து ஒரு முழு நாள் போனது இதுதான் முதல் தடவை.

பிரதான வீதியைக் குறுக்கறுத்தோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 நெடுஞ்சாலை இது. அறுகம்பைக்கு அலைச்சறுக்கப் போகும் வெள்ளைக்காரர்களின் வாகனங்கள் இதன் வழியேதான் ஓடும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடப்பதால் கடையும் மதிலும் பள்ளிவாசலும் கோயிலும்தான் கண்ணில் படும். இந்த ஊர்கள் ஏன் இங்கே இருக்கின்றன என்பதற்கான காரணம் வீதிக்கு ஒரு கிலோமீற்றர் மேற்கே விரிந்து கிடக்கிறது. அதை அவர்கள் யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் நற்பிட்டிமுனையையும் சேனைக்குடியிருப்பையும் தாண்டினோம். வீடுகள் முடிந்தன. கிட்டங்கி வந்தது.

கிட்டங்கித் தாம்போதி என்றால் இந்தப் பகுதியார் முகத்தில் ஒரு களைப்பு தெரியும். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் தாழ்ந்த பாதை அது. மாரியில் வாவி பெருகினால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உழவு மெசின் பெட்டியில் நின்றுகொண்டு கடப்பார்கள். ஜூலையில் அந்தக் கதையின் சுவடே இல்லை. இருபுறமும் ஆற்றுவாழை ஊதாப் பூப் பூத்திருந்தது. ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை வீசி, இழுத்து, உதறி, மறுபடியும் வீசினார். மட்டக்களப்பு வாவியின் தெற்குக் கைகள் நீண்டு வந்து முடியும் பக்கம் இது. காற்று இன்னும் எழவில்லை. இந்த மூன்று நாளில் மிக இலேசாக மிதித்த நேரம் அந்த அரை மணித்தியாலம்தான்.

நாவிதன்வெளியில் ஒரு அக்காவின் கடையில் பிட்டும் சம்பலும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். “தம்பி, எங்க இருந்து வாறீங்க, எங்க போறீங்க?” என்று கேட்டார். மஹாஓயா என்றதும் கைப்பிட்டை அப்படியே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “பஸ் இல்லையா?” என்றார். பிறகு சொல்லாமலே இரண்டு வாழைப்பழத்தைக் கடதாசியில் சுற்றி என் பையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

அங்கிருந்துதான் உண்மையான கிறவல் தொடங்கியது.

வயல் பரப்பை எங்கள் பக்கம் வட்டை என்போம். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயர் உண்டு, தண்ணீர் முறையைப் பார்க்க ஒரு வட்டைவிதானை உண்டு. நெற்பயிரை வேளாண்மை என்றே சொல்வோம். தொழிலின் பெயரும் பயிரின் பெயரும் எங்களுக்கு ஒன்றுதான். வட்டைகளுக்கிடையே வாய்க்கால் ஓடும், வாய்க்கால் கட்டின் மேலே கிறவல் பாதை ஓடும். தண்ணீர் வளைந்த இடத்தில் பாதையும் வளையும். எவரும் கோடு கீறி இழுத்த பாதை அல்ல அது. நிலம் தாழும் பக்கத்தைத் தேடித் தண்ணீர் போன வழி.

இப்படிப்பட்ட பாதையில் சைக்கிள் விடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதலாவது காற்று. தார் வீதிக்கு அடிப்பதுபோல் டயரை இறுக்கினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்கு வந்து சேரும். மருமகன் தன் டயரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் காற்றை விட்டு மீதியை இறக்கினான். என்னுடையதிலும் இறக்கினான். டயர் கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது, பாதையில் குறுக்கே வரிவரியாக விழும் மேடுகள். மழையில்லாத மாதங்களில் இறுகாத கிறவலின் மேல் வாகனச் சில்லு துள்ளும். துள்ளி விழும் இடத்தில் ஒரு பள்ளம், தள்ளப்பட்ட மண்ணில் ஒரு மேடு. அடுத்த வாகனம் அதையே பெரிதாக்கும். அதில் மெதுவாகப் போனால் பல்லுக் கிட்டும், வேகமாகப் போனால் ஹேண்டில் கையை விட்டுப் போகும். ஓரத்துப் புல்லை உரசிக்கொண்டு போவதே வழி. மூன்றாவது, லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்தால் இறங்கி நிற்பது. பாதை அவர்களுடையது. நாங்கள் விருந்தாளிகள்.

ஒன்பது மணிக்குக் கச்சான் எழுந்தது. எழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு நேரமும் எங்கோ படுத்திருந்ததுபோல். வேளாண்மை முழுக்கக் கிழக்கே சாய்ந்து ஓடுவதாகத் தெரிந்தது. வாய் காய்ந்தது. ஒரு மதகடியில் மரநிழல் கண்டு இறங்கினோம்.

அங்கேதான் அந்த வட்டைவிதானையைச் சந்தித்தோம். எழுபது வயதிருக்கும். சாரனை மடித்துக் கட்டி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வாய்க்காலையே பார்த்து நின்றார். வாய்க்காலில் கணுக்காலளவு தண்ணீர்தான் இருந்தது.

“எங்க போறீங்க மகன்?”

“மஹாஓயாவுக்கு, மாமா. கட்டு வழியே உகனைக்குப் போய், அங்க இருந்து.”

“அப்ப மேல போறீங்க.” மண்வெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். “வேளாண்மை குடலையில நிக்கிது மகன். இப்ப பத்து நாளைக்குள்ள தண்ணி வராட்டி எல்லாம் பதர்தான். மேல இரிக்கிறவங்க திறந்திருக்காங்க என்டு சொல்றாங்க. நான் போய்ப் பாக்க ஏலாது, கால் விடாது. நீங்க போற வழியில பெரிய வாய்க்கால்ல எவ்வளவு நிக்கிது என்டு பாத்துட்டு வந்து சொல்லுங்களன்.”

சொல்கிறோம் என்றேன். அந்த நேரத்தில் அது ஒரு மரியாதைப் பேச்சுத்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மதகிலும் நாங்கள் இருவரும் கேட்காமலே இறங்கித் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினோம். மருமகன் தன் கிலோமீற்றர்க் கருவியைப் பார்ப்பதை மறந்துவிட்டான்.

அவர் பார்த்திருந்த தண்ணீர் இங்கினியாகலையிலிருந்து வருகிறது. பட்டிப்பளை ஆறு என்று நாங்களும் கல்லோயா என்று சிங்கள மக்களும் சொல்லும் ஆற்றை, இரு குன்றுகளுக்கிடையே மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து. டி. எஸ். சேனாநாயக்க பிரதமராக இருந்த 1949இல் தொடங்கிய திட்டம். அமெரிக்காவின் மொரிசன்-க்னட்சன் கம்பனி அணையைக் கட்டியது. 770,000 ஏக்கர் அடித் தண்ணீர் கொள்ளும். சுதந்திரம் பெற்ற இலங்கை எடுத்த முதலாவது பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அது. காடு வெட்டி, வாய்க்கால் இழுத்து, வெளியிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். பழைய ஊர்களுக்குப் பெயர் இருந்தது, புதிய ஊர்களுக்கு எண் கொடுத்தார்கள். மத்தியமுகாமைச் சுற்றி நாங்கள் கடந்ததெல்லாம் எண்கள்தான்: 4ஆம் கொலனி, 7ஆம் கிராமம், 12ஆம் கொலனி, 15ஆம் கிராமம். எழுபது வருடத்துக்குப் பிறகும் ஆட்கள் “நான் பன்னிரண்டாம் கொலனி” என்றுதான் தம் ஊரைச் சொல்கிறார்கள். சொல்லும்போது குரலில் சொந்த ஊரின் பெருமை இருக்கிறது. அரச கோப்பில் இருந்த ஓர் எண்ணை மூன்று தலைமுறை உழைத்து ஊராக்கியிருக்கிறது.

இந்த வாய்க்கால் கட்டில் நடந்த இரண்டு காரியங்களைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. 1956 ஜூனில், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச்சிங்களச் சட்டம் வந்த அதே மாதத்தில், இந்தக் குடியேற்றங்களில் தமிழர்கள் மீது வன்முறை நடந்தது. கொல்லப்பட்டவர்களின் உடல்கள் இந்த மண்ணில்தான் கிடந்தன. அது ஒன்று. மற்றது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. 1980 அளவில் கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்கள் இடிந்து, மேல்பக்கத்தார் எடுத்தது போக வாய்க்கால் கடைசிக்குத் தண்ணீர் வராத நிலை இருந்தது. மேல்பக்கம் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் விவசாயிகள். கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்கவைத்து, விவசாயிகளையே சிறு குழுக்களாக வாய்க்காலைத் துப்புரவாக்கவும் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சவும் செய்தார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த போகத்திலும் மேல்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் தம் மதகை மூடி, கடைசி வயலுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த நோர்மன் அப்ஹோஃப் என்ற அறிஞர் இதை 1992இல் நூலாக்கினார். உலகெங்கும் நீர்ப்பாசனம் படிப்பவர்கள் கல்லோயாவின் பெயரை அதனால் அறிவார்கள். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அணையின் உயரமும் கொள்ளளவும் இருக்கின்றன, மதகை மூடிய கைகள் இல்லை. இந்த ஜூலைக்குப் பிறகு என் வகுப்பில் இரண்டையும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு கொலனிப் பள்ளிவாசலில் ளுஹர் தொழுதோம். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் விரால் மீன் ஆணமும் வந்தன. யார் அனுப்பியது என்று கடைசிவரை தெரியவில்லை. ஹவுளில் கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடியது. இருவருடைய முழங்காலுக்குக் கீழேயும் கிறவல் படிந்து தோலின் நிறமே மாறியிருந்தது. கிறவலின் சிவப்பு இரும்பினுடையது. வெயிலும் மழையும் மாறி மாறிப் பாறையை உக்கவைக்கும்போது கரையக்கூடியதெல்லாம் கழுவிப்போகும், இரும்பு நின்று துருவேறும். ஐஸ்லாந்தின் கருமண் நெருப்பு செய்தது. எங்கள் செம்மண் மழை செய்தது.

பிற்பகலில் ஒரு நீண்ட துண்டு கொங்கிறீட் பாதை. அதைச் செய்தவர்கள் யாரென்று சொல்வது என் நோக்கமல்ல. பாதை நல்ல பாதை. மாரியில் நெல் ஏற்றிய வண்டி புதையாது, கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், இதையெல்லாம் மறுக்க நான் யார்? ஆனால் பாதையை அகட்டும்போது வாய்க்கால் ஓரத்து மருதமரங்களை ஒன்றும் விடாமல் தறித்திருந்தார்கள். அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. ஒன்றின் மேல் நான் அமர்ந்து பார்த்தேன், இரண்டு பேர் தாராளமாக அமரலாம். வேர் தண்ணீருக்குள் இறங்கிக் கட்டைப் பிடித்திருக்கும் மரம் அது. அந்த மூன்று நாளில் மருமகன் சோர்ந்து விழுந்தது இந்த ஒரு இடத்தில்தான். கீழே சிமெந்தின் வெக்கை, முகத்தில் கச்சான், தலைக்கு மேலே ஒன்றுமில்லை. கண் இருட்டுகிறது என்றான். வாய்க்காலில் துவாயை நனைத்துத் தலையில் போட்டு, என் சைக்கிளை நிமிர்த்தி அதன் நிழலில் அவனைப் படுக்கவைத்தேன். கத்தாரின் வெயிலில் நான்கு வருடம் வேலை செய்தவன் அவன்.

பின்னேரம் பெரிய வாய்க்காலைக் கண்டோம். தண்ணீர் இருந்தது. இடுப்பளவு, அசைவில்லாமல், ஆனால் இருந்தது. மதகுச் சுவரில் அளவுகோல் கீறியிருந்தது. மருமகன் அதைப் படமெடுத்துக்கொண்டான், பக்கத்தில் நேரம் தெரியும்படி தன் கைக்கடிகாரத்தையும் பிடித்து.

உகனையில் என் சிங்கள நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். அவரும் ஆசிரியர். பல வருடத்துக்கு முன் விடைத்தாள் திருத்தும் நிலையம் ஒன்றில் பழக்கமானவர். சைக்கிளில் வந்திருக்கிறோம் என்றதும் முதலில் எங்களைத் திட்டினார், பிறகு அவருடைய அம்மா சட்டிநிறைய எருமைத் தயிரைக் கொண்டுவந்து வைத்தார். காட்டோரக் கிறவல் பாதையால் மஹாஓயாவுக்குப் போகலாமா என்று கேட்டேன். “அலியா இன்னவா” என்றார் அந்த அம்மா. யானை இருக்கிறது. அதற்கு மேல் பேச்சில்லை. காலை ஏழு மணிக்கு முன் கிளம்பக்கூடாது, நாலு மணிக்குப் பின் வீதியில் இருக்கக்கூடாது, தார் வீதியை விடக்கூடாது. மூன்றையும் நண்பர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

அவர் சொன்னபடியே செய்தோம், அது சரியென்று வழியெல்லாம் தெரிந்தது. மின்வேலிக் கம்பம் ஒன்று அடியோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தது. ஆவி பறக்கும் யானை இலத்தி வீதி நடுவே கிடந்தது. யானையைப் பற்றி இந்த மாவட்டத்தார் பேசும்போது கோபமும் இரக்கமும் ஒரே வாக்கியத்தில் வரும். கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்படும் பள்ளக்காட்டில், எட்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்தன என்று 2022 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பிளாஸ்டிக்கில் கொஞ்சம் என் வீட்டிலிருந்தும் போயிருக்கும்.

நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது. வயல் விட்டுவிட்டுத்தான் வந்தது. காட்டுக்கு மேலே தனித்தனிக் கற்குன்றுகள் மொட்டையாக எழுந்து நின்றன. அந்தப் பக்கத்துப் பொல்லேபெத்தவில் வேடர் குடிகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் கொலனிகளுக்கெல்லாம் முன்னால் இந்தக் காட்டை அறிந்தவர்கள். மதியத்துக்குச் சற்று முன் மஹாஓயாப் பட்டினத்தை அடைந்தோம். கடற்கரைப் பள்ளியிலிருந்து 92 கிலோமீற்றர்.

வெந்நீர்க் கிணறுகள் பட்டினத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கின்றன. பார்த்தவுடன் மருமகன் கொஞ்சம் ஏமாந்தான். நெருப்பு மலையில்லை, புகை மண்டலமில்லை. சிமெந்தால் கட்டிய சிறுசிறு சதுரக் கிணறுகள், வாளிகள், ஈரத் துணி, மூட்டு வலிக்கு வந்த வயதானவர்கள், சிரங்கு வந்த ஒரு குழந்தையைத் தூக்கிவந்த தாய். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. மிகச் சூடானதில் 50 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும், கை வைக்க முடியாது. அடியிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன.

“எரிமலை இல்லாட்டி இது எப்படி சுடுகுது மாமா?”

கிணற்றடியிலேயே வகுப்பு நடந்தது. எங்கள் கிழக்குத் தாழ்நிலத்துப் பாறைகளை விஜயன் தொகுதி என்றும், மத்திய மலைநாட்டுப் பாறைகளை உயர்நிலத் தொகுதி என்றும் நிலவியலார் பிரிப்பார்கள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது உயர்நிலத் தொகுதி விஜயன் தொகுதியின் மேல் ஏறி அமர்ந்தது. அந்தத் தையல் இன்னும் தெரிகிறது. திருகோணமலைக் கன்னியாவிலிருந்து அம்பாந்தோட்டை மகாபெலஸ்ஸ வரை, இலங்கையின் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் அந்தத் தையலை ஒட்டியே இருக்கின்றன. மழைநீர் பாறை வெடிப்பு வழியே இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 25 பாகை சூடு கூடும். சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பால் விரைந்து மேலே வந்தால் ஊற்று. நெருப்பே தேவையில்லை, மழையும் பிளவும் பொறுமையும் போதும். கிழக்கிலங்கையில் டொலரைட் என்ற கரும்பாறையும் சில இடங்களில் சுவர்போல நிலத்தை ஊடறுத்து ஓடுகிறது. கொண்டுவானாப் பெருநிலம் பிளந்த காலத்தில் ஆழத்துப் பாறைக்குழம்பு வெடிப்புகளுக்குள் ஏறி, அங்கேயே உறைந்தது அது. ஐஸ்லாந்துக்கு எங்கள் நாட்டில் உறவு உண்டென்றால் அந்தக் கரும்பாறைதான்.

மிதமான சூட்டுக் கிணற்றில் பத்து வாளி அள்ளி ஊற்றினோம். இரண்டு நாள் கிறவல் காலிலிருந்து கழன்று ஓடியது. பக்கத்தில் நின்ற சிங்களப் பெரியவர் ஒருவர் தன் வாளியை எங்களிடம் தந்துவிட்டு, நாங்கள் குளித்து முடியும் வரை வெயிலில் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் திரும்பினோம். இப்போது காற்றும் தண்ணீரும் நாங்களும் ஒரே திசை. காலையில் உகனையைத் தாண்டிக் கட்டில் ஏறியதும் கச்சான் முதுகைப் பிடித்துத் தள்ளியது. மிதிக்கவே தேவையில்லாத துண்டுகள் இருந்தன. பெரிய வாய்க்காலின் அளவுகோலில் தண்ணீர் நான்கு விரல் ஏறியிருந்தது. அதையும் படமெடுத்தோம். அசர் நேரத்துக்குச் சற்று முன் அந்த மதகடியை அடைந்தோம். அவர் அங்கேயே இருந்தார், அதே மரத்தடியில். படங்களைக் காட்டினோம். தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு கணக்குப் போட்டது.

“அஞ்சு நாள் ஆகும். வரும். அல்லாஹ் நாடினா ஏழாம் நாளைக்குள்ள கடைசிக்கும் பாயும்” என்றார். எங்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லித் தன் பேரனை அனுப்பினார். புறப்படும்போது என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வழியில் வர விரும்புகிறவர்களுக்கு: ஜூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை வாருங்கள், மாரியில் கிறவல் களியாகி டயரைப் பிடித்துக்கொள்ளும். விலையுயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை, அகலமான டயரும் இரண்டு டியூப்பும் போதும். பகல் பதினொன்றுக்கு முன் அன்றைய தூரத்தில் பாதியை முடித்துவிடுங்கள். யானையைப் பற்றி உள்ளூரார் சொல்வதை மீறாதீர்கள். வரம்பில் சைக்கிளை ஏற்றாதீர்கள். கட்டுப்பாதைகளைத் திருத்தும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: கொங்கிறீட்டைத் தாராளமாகப் போடுங்கள், மருதமரத்தை விட்டுவையுங்கள். விட முடியாவிட்டால் ஒன்றுக்கு இரண்டு நடுங்கள். இந்தப் பாதையில் நெல்லும் பிள்ளைகளும் நோயாளிகளும் போகிறார்கள், எல்லாருக்கும் வெயில் ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் காலை தொலைபேசி வந்தது. தண்ணீர் வந்துவிட்டதாகச் சொன்னார். மேல்பாதி வட்டை தப்பிவிட்டது. கீழே கடைசி ஆறு ஏக்கர் பதர்.